தனக்கு வராமலே தெரிந்தவர்கள்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லிவைத்த முன்னோர், பின்னால் பிறக்கப்போகிறவர்களின் ஆற்றலைக் குறைத்து எடைபோட்டுவிட்டார்கள். இன்று நம் தெருவில், அலுவலகத்தில், கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில்கூட, ஆயுளில் ஒருமுறையும் மைக்ரேன் வராமலே அதைக் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். நோயாளி ‘தலை’ என்று வாயைத் திறப்பதற்குள் காரணம், மருந்து, பத்தியம், கூடவே நோயாளியின் நடத்தையில் உள்ள கோளாறு என்று நான்கும் அவர் மடியில் வந்து விழுந்துவிடும். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு அரை நாள் உட்கார வேண்டும். அவர் வேறு ஆயிரம் கேள்வி கேட்பார்: எவ்வளவு நேரம் வலிக்கிறது, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, மாதத்தில் எத்தனை நாள். நம் அறிஞர்களுக்கு டோக்கனும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். இப்படிப்பட்ட சேவையைப் பாராட்டி ஒருவரும் எழுதாதது பெரிய குறை.

அவர்கள் தோளில் ஏற்றிக்கொண்ட பாரம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலகில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு மைக்ரேன் இருக்கிறது. 100 கோடிக்கும் மேற்பட்ட தலைகள். நம் பக்கம் கணக்கு இன்னும் தாராளம். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்தபோது, பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு முந்தைய ஓராண்டுக்குள் அது வந்துபோயிருந்தது. மனிதர்களை முடக்கிப்போடும் நோய்களின் 2019-ஆம் ஆண்டு உலகக் கணக்கில் முதுகுவலிக்கு அடுத்த இடம் இதற்கு. இளம்பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் முதலிடமே இதுதான். இவ்வளவையும் ‘வெறும் தலைவலி’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்களே, சுருக்கெழுத்துப் பயின்றவர்களுக்குக்கூட அந்தக் கைத்திறன் வராது.

அந்த ‘வெறும்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வலி வருவதற்கு முந்தின நாளே கொட்டாவி கொட்டாவியாக வரும், கழுத்து இறுகும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். சிலருக்கு, நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம், கண்ணெதிரே பல்பல்லாக வெட்டிய ஒளிக்கோடு ஒன்று தோன்றிக் கால் மணி, அரை மணி நேரத்துக்கு மெல்ல விரியும். எழுத்துகள் பாதி மறையும், கை மரத்துப்போகும். ‘ஆரா’ என்று அதற்குப் பெயர். பிறகு வலி. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை. மாடிப்படி ஏறினால் கூடும், குனிந்தால் கூடும். குமட்டல், வாந்தி. டியூப்லைட் வெளிச்சம் ஆகாது, குக்கர் விசில் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. எல்லாம் ஓய்ந்த பிறகும் ஒரு நாள் முழுக்க மண்டை வெளுத்துக் காயப்போட்ட துணி மாதிரி கிடக்கும். இதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது உண்மையிலேயே வெறும் தலைவலிதான்; அறிஞர்கள் சொன்னதில் பிழையில்லை.

இந்தத் துறையின் மூத்த ஆசான்கள் என்று நம் வீட்டுப் பெண்மணிகளைத்தான் சொல்ல வேண்டும். அவர்களிடம் இரண்டு பெரும் சித்தாந்தங்கள் உண்டு: தலையில் நீர் கோத்துக்கொண்டது, உடம்பில் சூடு ஏறிவிட்டது. ஒரே வீட்டில், ஒரே காலையில், ஒரே தலைக்கு இரண்டும் பொருந்தும். “தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரத்தோட திரிஞ்சா வலிக்காம என்ன பண்ணும்?” என்று அத்தை நொச்சி இலையைப் போட்டு வெந்நீர் கொதிக்கவைப்பார். “உடம்பு கொதிக்குது, எண்ணெய் தேய்ச்சு நல்லா முழுகு” என்று பெரியம்மா நல்லெண்ணெயைச் சூடாக்குவார். குளித்ததும் குற்றம், குளிக்காததும் குற்றம். இடையில் நெற்றியில் சுக்குப் பற்று ஏறும். அது காய்ந்து இழுக்கும்போது எரிகிற எரிச்சலில் உள்வலி கொஞ்சம் மறந்தாற்போல் இருக்கும். அதன்மேல் சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த கோடாலித் தைலம். வாசனையே வலியைக் கூட்டும் என்று நோயாளி முனகினால், “அப்படித்தான் இருக்கும், உள்ளே வேலை செய்யுது” என்று பதில் வரும். எதிர்ப்பு வந்தால் அதையும் சான்றாக எடுத்துக்கொள்ளும் இந்த உறுதி எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித்தரப்படுவதில்லை.

நீர் கோத்தல் கொள்கைக்குப் படித்தவர்கள் வழங்கிய பட்டம் ‘சைனஸ்’. சட்டை போட்ட அதே நீர்தான். தலைவலியோடு மூக்கில் நீர் வடிகிறது, கண் கலங்குகிறது, கன்னத்தெலும்பு கனக்கிறது. இனி என்ன ஐயம்? முகத்தின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டுபோகும் முக்கிளை நரம்புதான் மைக்ரேனிலும் பற்றி எரிகிறது, அது தூண்டப்பட்டால் மூக்கும் கண்ணும் தாமாகவே ஒழுகும் என்பதெல்லாம் நேரம் உள்ளவர்கள் பேசுவது. தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டவர்கள், டாக்டர் சொல்லி நம்பியவர்கள் என 2,991 அமெரிக்கர்களை அழைத்துச் சோதித்தார்கள். முடிவு 2004-ல் வெளிவந்தது. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. ஆக, நம் அத்தைமார்களின் ஞானம் கடல் கடந்தும் செல்லுபடியாகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த 88 சதவீதத்தினர் மூக்குக்காக விழுங்கிய மாத்திரைகளை யார் கணக்கெடுப்பது?

இங்கே நியாயத்தை ஒளிக்கக் கூடாது. தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்பதில் அத்தை சொன்னது சிலருக்கு அப்படியே உண்மை. மும்பையில் தலைவலிக்கென்றே கிளினிக் நடத்திவந்த டாக்டர் கே. ரவிசங்கர், தலைகுளியல் மைக்ரேனைக் கிளப்பிவிட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் எழுதினார். மேல்நாட்டுப் பாடநூல்களில் இந்தச் சங்கதியை அதிகம் பார்க்க முடியாது. நீண்ட கூந்தலும் வாரக் குளியலும் உள்ள நாட்டில்தான் யாருக்காவது கண்ணில் படும். அத்தை கவனித்தது சரி. அந்தக் கவனிப்பை வைத்துக்கொண்டு அவர் அடுத்து என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்ற ஒரு வாக்கியத்தை எடுத்தார், அதை மருந்துபோல வேளைக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

பித்தம் என்ற கொள்கைக்கும் இப்படி ஒரு பாதி உண்மை முட்டுக்கொடுத்து நிற்கிறது. வாந்தி எடுத்ததும் பலருக்கு வலி தணிகிறது. ஆகவே வலி வயிற்றிலிருந்து மேலே ஏறியது என்று தீர்ப்பு. உண்மையில் வண்டி எதிர்த்திசையில் ஓடுகிறது: மைக்ரேன் மூளையில் தொடங்கி, வயிற்றின் அசைவை மந்தமாக்கிவிடுகிறது. அதனால் விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் சேராமல் இரைப்பையிலேயே கிடக்கிறது. வலிமாத்திரையோடு வாந்தி நிறுத்தும் மாத்திரையையும் டாக்டர் சேர்த்து எழுதுவது இதற்காகத்தான். வீட்டு அறிஞர் சீட்டை வாங்கிப் பார்த்து இரண்டாவதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்: “வாந்தியை நிறுத்தக் கூடாது, பித்தம் வெளியே வரட்டும்.” மருந்துச் செலவில் பாதியை மிச்சப்படுத்திய பெருமை அவரைச் சேரும்.

கண் சம்பந்தமாக இரண்டு துறைகள் போட்டி போடுகின்றன. ஒன்று கண்ணாடிக்கடை, மற்றது கண்ணேறு. பள்ளிக்கூடப் பிள்ளை தலைவலி என்றால் முதலில் கண்ணாடி மாட்டப்படும். வலி நிற்காவிட்டால் பவர் மாற்றப்படும். அதற்கும் நிற்காவிட்டால் மிளகாயும் உப்பும் சுற்றிப்போடப்படும். மிளகாய் நெடி கிளம்பாவிட்டால் திருஷ்டி பலமாக இருந்தது என்று பொருள். நெடி கிளம்பினால் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை வாந்தி எடுக்கும், அதையும் திருஷ்டி கழிந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது துறைக்கு ஒரு நற்சான்று தரலாம்: மூக்குக்கண்ணாடி அளவுக்கு அதில் செலவில்லை.

இனி ஸ்கேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் காலத்து அறிவு முழுவதும் வந்து குவிந்திருக்கும் இடம் அது. வழக்கமான மைக்ரேனுக்கு டாக்டர் ஸ்கேன் வேண்டாம் என்றால், “அவருக்கு ஒண்ணும் தெரியல, வேற டாக்டரைப் பார்க்கலாம்.” எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், வீடே ஒரு கணம் வாடிவிடும். “இவ்வளவு பணத்தைக் கொட்டி எடுத்தோம், ஒண்ணுமே இல்லையாம்.” கட்டி ஒன்று இருந்திருந்தால் கொடுத்த காசுக்கு மரியாதையாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நோயாளியின் வலிக்கு அதிகாரபூர்வமான மறுப்பு ஒன்று பெரிய உறையில், பீரோவின்மேல் கிடக்கும். அடுத்த முறை அவர் விளக்கை அணைக்கச் சொன்னால் எல்லார் கண்ணும் ஒருமுறை அந்த உறைக்குப் போய்த் திரும்பும்.

அந்தப் படம் மூளையின் வடிவத்தைக் காட்டுகிறது, அதற்குள் நடந்துபோகிற சம்பவத்தைக் காட்டுவதில்லை. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கார்ல் லாஷ்லிக்கு ஆரா வரும். கண்முன் வரும் அந்த ஒளிவளைவு எந்த நிமிடத்தில் எவ்வளவு பரந்தது என்று தாமே தாளில் வரைந்துவைத்துக் கணக்குப் போட்டு, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-ல் சொன்னார். 1944-ல் பிரேசில் நாட்டு அரிஸ்டிடிஸ் லெயாவோ முயல்களின் மூளைப் புறணியில் ஏறக்குறைய அதே வேகத்தில் நகரும் ஒரு மின் அலையைக் கண்டார். நரம்பணுக்கள் ஒரு கணம் கொந்தளித்துப் பிறகு அடங்கிப்போகும் அலை அது. அலை கடந்துபோன கரையில் மறுவாரம் போய்ப் படம் எடுத்தால் என்ன அகப்படும்? நல்லவேளையாக லாஷ்லியின் வீட்டில் நம் ஊர் அறிஞர்கள் இல்லை. “பேப்பரை எடுத்து வைச்சுட்டுக் கொஞ்சம் தூங்கு, எல்லாம் மனசுதான்” என்று சொல்லியிருப்பார்கள். அறிவியல் அங்கேயே தூங்கியிருக்கும்.

மனசு என்றதும் நினைவுக்கு வருகிறது, இந்தக் கூட்டத்தில் உண்மையான டாக்டர்களும் உண்டு, அவர்களை விட்டுவிட்டால் பாரபட்சமாகிவிடும். தலைவலி ஆய்வின் பெரும்புள்ளி ஹரால்டு உல்ஃப் 1937-ல் மைக்ரேன்காரர்களின் சுபாவம் என்று ஒரு கட்டுரை எழுதினார்: எதையும் குறையில்லாமல் செய்யத் துடிப்பவர்கள், லட்சிய வெறி கொண்டவர்கள், விட்டுக்கொடுக்காதவர்கள். தம்மைத் தேடிவந்த நோயாளிகளை வைத்து அவர் எழுதியது. அந்தக் காலத்தில் நிபுணரைத் தேடிப் போக வசதியும் முனைப்பும் உள்ளவர்கள் லட்சியவாதிகளாக இல்லாமல் வேறு எப்படி இருப்பார்கள்? அப்படி ஒரு தனி சுபாவம் கிடையாது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் நல்ல கருத்துக்கு அழிவில்லை. “ரொம்பப் படிச்ச பொண்ணு, எதையும் மனசுல போட்டுக்குவா” என்று திருநெல்வேலிப் பக்கத்தில் ஒருவர் சொல்லும்போது, உல்ஃபின் கட்டுரையைப் படிக்காமலே அதன் சாரத்தைப் பிடித்துவிடுகிறார்.

பெண்களுக்கு இது ஆண்களைவிட மூன்று மடங்கு. பருவம் எய்தும்வரை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஏறத்தாழச் சமமாகத்தான் வருகிறது; பிறகுதான் கணக்கு பிரிகிறது. மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் சரியும் நாள்களில் பலருக்கு வலி வருகிறது. இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த சிகிச்சை, “கல்யாணம் ஆனா சரியாயிடும்.” ஆகாவிட்டால், “ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்.” இதிலும் ஒரு பாதி உண்மை ஒளிந்திருப்பதை மறைக்கக் கூடாது: கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்கு மேல் பலருக்கு மைக்ரேன் வெகுவாகக் குறைகிறது. பிள்ளை பிறந்து ஹார்மோன் சரிந்ததும் திரும்பி வருகிறது, கூடவே தூக்கமில்லாத இரவுகளையும் அழைத்துக்கொண்டு. ஆகவே இந்தச் சிகிச்சையை முறையாகக் கடைப்பிடிக்க விரும்பும் பெண் ஐம்பது வயதுவரை ஆறாம் மாதத்திலேயே நிலைத்து நிற்க வேண்டும். கணவன்மார்களுக்கு வந்தால் என்ன செய்வது என்று இந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. ஆண்களுக்கு இது வராது. வந்தால் அது கம்ப்யூட்டர் வேலை.

சாப்பாட்டு விஷயத்தில் அறிஞர்களின் கருணை எல்லையற்றது. தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள்: தயிர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம், கத்தரிக்காய் வேண்டாம், சாக்லேட் கூடவே கூடாது. சாக்லேட் பாவம் நெடுங்காலக் குற்றவாளி. தலைவலிக்காரப் பெண்களுக்கு எது என்று சொல்லாமல் சாக்லேட்டையும், அதே சுவையில் வேறொரு பொருளையும் கொடுத்துப் பார்த்த சோதனை 1997-ல் வெளிவந்தது. சாக்லேட் தின்றவர்களுக்கு வலி கூடுதலாக வரவில்லை. தாக்குதலுக்கு முந்தின நாளில் இனிப்புக்கு நாக்கு ஏங்குவது மைக்ரேனின் தொடக்கமாகவே இருக்கலாம்: வலி வரப்போவதால் தின்றார், தின்றதால் வலி வரவில்லை. இருக்கட்டும். மைக்ரேனைக் கிளப்பும் காரணங்களில் நோயாளிகள் அடிக்கடி சொல்வது வேளைக்குச் சாப்பிடாதது. எல்லாவற்றையும் எடுத்த பிறகு தட்டில் மிஞ்சியது ரசமும் அறிவுரையும்தான் என்பதால், அந்தக் காரணத்தையும் அறிஞர்களே கைப்படத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இதில் ஏகாதசி, சஷ்டி, சங்கடஹர சதுர்த்தி வேறு. மைக்ரேன் தீர வேண்டும் என்றே விரதம் இருக்கச் சொன்ன ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அவருடைய பக்தியில் எனக்கு ஐயமில்லை.

அலுவலகத்து மேலாளரை ஒரு வரியில் கடந்துவிடலாம், அவரும் அப்படித்தான் நம்மைக் கடக்கிறார்: “எனக்கும்தான் தலைவலி, நான் வரலையா?” தலைவலியோடும் அவர் படியேறி வந்தார், பேசினார், மீட்டிங் நடத்தினார். நடந்தால் கூடாத, வெளிச்சம் பட்டால் குமட்டாத அந்த வலிக்கு வேறு பெயர் உண்டு. உலகத்தில் அதுதான் மிகப் பரவலான தலைவலி; அவருடைய வீரத்தை அது எவ்விதத்திலும் குறைக்காது.

மருந்து விஷயத்தில்தான் இவர்களுடைய மேதைமை முழுதாகப் பூத்துக் குலுங்குகிறது. பெட்டிக்கடையில் கத்தரித்துத் தரும் ஒற்றை மாத்திரைக்கு இவர்கள் யாரும் பயப்படுவதில்லை. அதைக் காபியோடு தினமும் போட்டுக்கொண்டால்கூட அது பழக்கம், அவ்வளவுதான். சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்று தனியாக உள்ள மாத்திரையையும் கலப்பு மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தால், அந்த மாத்திரைகளே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். உலகம் முழுக்க மருத்துவர்கள் வகுத்துவைத்த எல்லை இது. அப்படி மாட்டிக்கொண்டவரிடம் டாக்டர் அதை நிறுத்தச் சொல்லி, வலி வராமல் தடுக்கும் மாத்திரை ஒன்றை இரவில் போடச் சொல்லுவார். அப்போதுதான் அறிஞர்கள் விழித்துக்கொள்வார்கள். கைப்பேசியில் மாத்திரையின் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். அமிட்ரிப்டிலின்: “ஐயோ, இது மனநோய் மாத்திரை.” டோபிராமேட்: “இது வலிப்புக்குக் கொடுக்கிறது.” ப்ரோப்ரனலால்: “இது ஹார்ட்டுக்கு. உனக்கு ஹார்ட்ல என்ன?” இதயநோய்க்காக ப்ரோப்ரனலால் எடுத்தவர்களுக்குத் தலைவலியும் நின்றுபோனதை 1960-களில் தற்செயலாகக் கவனித்துத்தான் அது இந்தப் பக்கம் வந்தது. ஒரு மாத்திரைக்கு இரண்டு தொழில் தெரிந்திருக்கலாகாது என்பதில் நம் அறிஞர்கள் கண்டிப்பானவர்கள். மூன்றாம் நாளே மாத்திரை குப்பைக்குப் போகும். அது வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால், வேலை செய்யவில்லை என்ற குற்றச்சாட்டும் நிரூபணமாகிவிடும்.

உண்மையாகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. டோபிராமேட், வால்ப்ரோயேட் போன்றவை கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும்; பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் அதை டாக்டரிடம் பேசியாக வேண்டும். அதேபோல ஒளிக்கோடு தெரியும் வகை மைக்ரேன் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து சற்றுக் கூடுதல். கருத்தடைக்கோ நீர்க்கட்டிக்கோ ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுத்தால் அது மேலும் ஏறும். இந்த இரண்டை மட்டும் எந்த அத்தையும், எந்த மேலாளரும், பக்கத்து சீட்டுக்காரரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் தெரிந்தவர்கள் எதையாவது டாக்டருக்கென்று விட்டுவைக்க வேண்டாமா என்ற பெருந்தன்மையாக இருக்கலாம்.

எதிர்த்துறையிலும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஆயுளில் தலைவலியே இல்லாத அறுபது வயதுக்காரருக்கு, இடி இறங்கினாற்போல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போன வலி; அல்லது காய்ச்சலோடு கழுத்து விறைத்துப்போன வலி; அல்லது வாய் கோணி, கை தூக்க முடியாமல் வந்த வலி. அப்படியே ஆம்புலன்சில் ஏற்ற வேண்டியவை. “மைக்ரேனா இருக்கும், எங்க மருமகளுக்கும் இப்படித்தான்” என்று அதே கோடாலித் தைலம் வெளியே வரும். மருமகளுக்கு வரும்போது அது மைக்ரேன் இல்லை என்று சாதித்தவரும் இவர்தான். ஆனால் தைலத்தில் மட்டும் இவர் ஆளுக்கு ஆள் வேறுபாடு பார்ப்பதில்லை.

இவர்களுக்கு ஏற்ற அங்கீகாரம் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலசன் என்று நாலு பேர்; மைக்ரேன் தாக்கும்போது முக்கிளை நரம்பிலிருந்து சிஜிஆர்பி என்றொரு பொருள் வெளிப்படுகிறது, வலியின் விசை அங்கே இருக்கிறது என்பதைப் பல பத்தாண்டுகள் பாடுபட்டுத் துலக்கினார்கள். 1990-ல் நோயாளிகளின் கழுத்து நாள ரத்தத்தில் அது ஏறியிருப்பதைக் காட்டினார்கள். 2018-ல் அதை மறிக்கும் முதல் ஊசி மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2021-ல் அந்த நாலு பேருக்கும் டென்மார்க்கில் மூளை ஆய்வுக்கான பெரிய பரிசு தந்தார்கள். ஒரு விடையைச் சொல்ல இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டவர்களுக்குப் பரிசு! வாசற்படியில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஏழு விடை சொல்பவருக்கு ஒரு டம்ளர் மோர்தான்.

இந்த அறிவெல்லாம் ஒரே இடத்தில் ஒன்றுகூடுவதைக் காண வேண்டுமானால் பெண் பார்க்கும் படலத்துக்குப் போக வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. ஆகவே இரு வீட்டாரும் முன்னேற்பாடாக இருப்பார்கள். பெண்ணின் தாயார் முதல்நாளே மாத்திரை அட்டைகளை அரிசி டின்னுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, வலிப்பு மாத்திரை என்று யாரும் வாய் தவறிவிடக் கூடாதென்று வீட்டுச் சிறுவர்களைச் சினிமாவுக்கு அனுப்பிவிடுவார். கூடத்தில் புது டியூப்லைட். மல்லிகைச் சரம் நாலு முழம், ஊதுவத்தி, பட்டுப்புடவையில் பாச்சை உருண்டை வாசனை. பெண் பல்லைக் கடித்துக்கொண்டு காபித் தட்டை ஏந்தி வருவாள். “பொண்ணு ரொம்ப அடக்கம், நிமிர்ந்துகூடப் பார்க்கல” என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சுவார்கள். மாப்பிள்ளையின் தாயார் முப்பது வருஷமாக மாதம் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுப்பவர். அது பித்தம் என்று அவர்கள் வீட்டில் எழுதாத சட்டம். அன்றைக்கும் அவருக்குப் பித்தம்தான், டியூப்லைட்டுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பார். இரண்டு வீட்டிலும் ஒரு குறையும் கிடையாது என்று இரண்டு வீட்டாரும் கையடித்துச் சொல்லி, தட்டு மாற்றிக்கொள்வார்கள். பேரன் பிறந்து ஏழெட்டு வயதில், பள்ளியிலிருந்து வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போய் வாந்தி எடுப்பான். குழந்தைகளுக்கு மைக்ரேன் வயிற்றுவலி வேஷத்தில் வருவதும் உண்டு. இரண்டு பாட்டிகளும் மிளகாயையும் உப்பையும் எடுத்துக்கொண்டு ஒரே குரலில் சொல்லுவார்கள்: “எங்க பக்கத்துல யாருக்கும் இப்படியெல்லாம் கிடையாதே!”